டி அலையின் உயரம்

அந்தச் சின்ன மேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பிடிபடாமல் மற்றதை எவ்வளவு சொன்னாலும் விளங்காது.

இதயத்தின் ஓட்டத்தைக் கட்டம் போட்ட தாளில் கோடாக எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு குட்டிப் புடைப்பு வரும். அடுத்து ஊசி போல ஒன்று, சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அது அடங்கி, கொஞ்ச தூரம் கோடு சமமாகப் போன பிறகு, அவசரமில்லாமல் ஒரு மேடு எழும். அதுதான் டி அலை. துடித்து முடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. நல்ல டி அலை மெதுவாக ஏறும், ஏறியதைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கும், உச்சி மழுங்கி இருக்கும். ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் தோள் போர்வைக்குள் தெரிகிற மாதிரி.

இதை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சொல்லித் தந்தவள் டயாலிசிஸ் கூடத்தில் படம் எடுக்கிற பெண். நெஞ்சில் அவள் பசையைத் தடவினால் உயிர் ஒரு முறை மேலே போய்த் திரும்பும், அவ்வளவு குளிர்ந்த கை. அதனால் ஐஸ் அக்கா என்று பேர். என்னைவிட ரொம்பச் சின்னவள்தான். இருந்தாலும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"அசையாதீங்க, பேசாதீங்க," என்றாள் முதல் நாள். பிறகு கால்மாட்டில் நின்றிருந்தவரைப் பார்த்து, "நீங்களும்தான் சார். நீங்க பேசினா இவங்க கோடு ஆடுது."

"நான் பேசினா இவ கோடு ஏன் ஆடணும்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஆடிக்கிட்டுதான் இருந்திருக்கும். இன்னைக்குத்தான் தாள்ல தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்து கோடு நிஜமாகவே ஆடிவிட்டது. மறுபடி எடுத்தாள். தாள் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஓரிடத்தில் விரலை வைத்தவர் முகம் வெளுத்துப்போனார்.

"இது தலைகீழா இருக்கே!"

"அது அப்படித்தான் சார் இருக்கணும். ஒரே நெஞ்சைப் பல பக்கத்துலேருந்து பார்க்கிறோம். இது வலது தோள் பக்கம் நின்னு பார்க்கிறது. வீட்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு வாசலைக் காணோம்னா எப்படி? இது நிமிர்ந்து இருந்தாத்தான் ஒயரை மாத்தி மாட்டிட்டேனான்னு நான் பயப்படுவேன்."

"அப்ப எது கவிழ்ந்தா பயப்படணும்?"

"இந்தா, இந்த இடது பக்கத்து வரிசை. இதெல்லாம் நிமிர்ந்துதான் இருக்கணும். இங்க கவிழ்ந்தா ரத்தம் போதலையோன்னு டாக்டர் யோசிப்பாரு. சப்பையாப் போனா பொட்டாசியம் கம்மியோன்னு பார்ப்பாங்க. உங்க வீட்டம்மாவுக்கு இப்ப அதெல்லாம் இல்ல. இவங்களுக்குப் பயம் உயரத்துலதான்." இரண்டு கை விரல் நுனிகளையும் சேர்த்துக் கூரை போலக் காட்டினாள். "கிட்னி நல்லா இருந்தா பொட்டாசியத்த வெளிய தள்ளிடும். இவங்களுக்குத் தள்ளாது, ரத்தத்துலயே தேங்கும். தேங்கினா மேடு ஒடுங்கி, ரெண்டு பக்கமும் ஒரே சரிவா, கூடாரம் அடிச்ச மாதிரி நிக்கும். அதுக்கும் மேல விட்டா துடிப்பே குழம்பி நின்னுடும். கூடாரத்தப் பார்த்தா நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வருவேன்."

"ஓடுவியா?"

"நான் ஓடி நீங்க பார்க்கக் கூடாது சார். பார்த்தா சிரிச்சிடுவீங்க."

அவர் சிரிக்கவில்லை. 'கூடாரம், கூடாரம்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதையும் ஒரு முறை கேட்டால் மறக்காத மனிதர்.

அவர் வேலையையும் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, லாரிகள் நகருக்குள் திரும்புகிற முனையில், எடை மேடை ஒன்று இருக்கிறது. லாரி இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும், சின்ன அறைக்குள் இவர் முன்னால் எடை எண்ணாக மின்னும். கூடுதல் பாரம் என்று சொன்னால் ஓட்டுநர்கள் கதை அளக்காமல் போகமாட்டார்கள். "அண்ணே, மழையில நனைஞ்ச மணல்ண்ணே, காய்ஞ்சா சரியாயிடும்." "அண்ணே, என் மச்சான் பின்னால படுத்துத் தூங்குறான், அவன் ஒருத்தனே ஒன்றரை ஆளு, கழிச்சுக்கங்க." சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவற்றையெல்லாம் குரல் மாற்றி நடித்துக் காட்டுவார். நான் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி சிரித்துச் சிரித்து நூலை அறுத்துக்கொள்வேன். கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வார்: "மனுஷன் வாயத் தொறந்தா கதை. மேடை வாயத் தொறந்தா கணக்கு."

ஒரே ஒரு முறை அவரிடம் தவறு நடந்தது. பெருமழைக்குப் பிறகு தளத்தில் தேங்கியிருந்த நீரையும் சேற்றையும் வழித்துவிட்டு எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டார். எண் கூடுதலாகக் காட்டியதில், ஓர் ஓட்டுநர் தப்பே செய்யாமல் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தார். அது தெரிந்த அன்று முதல் இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். அந்த ஓட்டுநரின் வீட்டைத் தேடிப்போய் வாசலில் நின்று அழுதிருக்கிறார். அந்த ஓட்டுநரே "விடுங்கண்ணே, எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சு" என்று சொல்லியும் இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் இவர் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். அடுத்தவர் செய்த தப்பை மன்னிக்க அவருக்குத் தெரியும். தான் செய்ததைத் தாங்கத் தெரியாது.

எனக்குச் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு அடுக்களை அவர் கைக்குப் போனது. டயாலிசிஸ் ஊசிக்காக என் இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. தையல் மிஷினுக்கு உறை போட்டாயிற்று. விடிந்ததும் அவர் காய்களைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சுடுநீரில் ஊறப்போடுவார். அந்த நீரைக் கொட்டுவார். வேறு நீரில் வேகவைப்பார். அதையும் கொட்டுவார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் கரைந்து போய்விடும். காயின் ருசியும் அதோடு போய்விடும். மெல்லும்போது ஈரத்துணியை வாயில் வைத்த மாதிரி இருக்கும். தனக்கென்று வேறு சமைத்துக்கொள்ளவில்லை, அதையே அவரும் தின்றார்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். சாதா உப்பை ஒதுக்கி, பாத்திரம் தேய்க்க வைத்துவிட்டார்.

"இது தனி உப்பு. சோடியம் பாதிதான். நெஞ்சுக்கு நல்லதாம், கடைக்காரர் சொன்னாரு. பாதிதானே, அப்ப ரெண்டு சிட்டிகை போடலாம். நாக்கு செத்துப்போச்சுன்னு இனிமே நீ மூக்கைச் சிந்த வேண்டாம்."

லேசாகக் கசந்தது. ஆனாலும் உப்பு உப்புதான். கண்ணாடிக் குப்பியில் கொட்டி, எனக்கு எட்டுகிற தட்டில் வைத்தார். எனக்காக இத்தனை மெனக்கெடுகிற மனிதர் கிடைத்தாரே என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் கூடாரம் அதற்குப் பிறகுதான் எழுந்தது.

காலில் சோர்வு என்று சொன்னதற்கு ஐஸ் அக்கா படம் எடுத்தாள். தாளைப் பார்த்தாள். ஓடவில்லை, ஆனால் விரைந்து நடந்தாள். டாக்டர் வந்தார். "என்னம்மா சாப்பிட்டீங்க? வாழைப்பழமா? ஆரஞ்சு ஜூஸா?"

"இவர் சமைச்சதைத் தவிர எதுவும் இல்ல டாக்டர்."

இவர் ஒவ்வொன்றாக ஒப்பித்தார். ஊறப்போடுவது, கொட்டுவது, வேகவைப்பது, மறுபடி கொட்டுவது. தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பழம் வீட்டுக்குள் வருவதே இல்லை.

"உப்பு?"

"குறைச்சாச்சு டாக்டர். பாதிதான்."

"ரொம்ப நல்லது. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல," என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னார்: "நீங்கதான் மனசு வைக்கணும்."

இருவரும் வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"எந்தப் பழம்?"

"எதுவும் இல்லங்க."

"கோவப்படல. எதுன்னு மட்டும் சொல்லு."

"எதுவும் இல்லன்னா எதைச் சொல்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் அந்தப் பார்வையைப் பற்றி எனக்குத் தெரியும். மழை, மணல், மச்சான் என்று சொல்லிக்கொண்டு அறை ஜன்னலில் தலையை நீட்டுகிறவர்களை அவர் இப்படித்தான் பார்ப்பார். நடித்துக் காட்டியிருக்கிறார்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷினிலிருந்து எழும்போது மேடு தணிந்திருக்கும். அடுத்த முறை போவதற்குள் கூர்ந்திருக்கும். இது அவர் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது. மெஷின் சுத்தம் செய்கிறது, வீட்டில் இவள் திருடுகிறாள். என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். அலமாரிக்குப் பூட்டு வந்தது. அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் அடுத்த வீட்டு அம்மா வந்து உட்காரும்படி ஏற்பாடு ஆனது. அந்த அம்மா நல்லவள்தான். "நான் உனக்குக் காவலா, துணையான்னு எனக்கே தெரியல போ," என்று வந்த அன்றே சொல்லிவிட்டு, வாங்கி வந்த கொய்யாப்பழத்தை எனக்குத் தெரியாமல் தின்பதாக நினைத்துத் திரும்பி உட்கார்ந்து தின்றாள்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்ததுதான் கொடுமை. இயந்திரம் பொய் சொல்லாது. ஐஸ் அக்காவுக்கு என் மேல் என்ன பகை? டாக்டருக்கு என்ன பகை? அப்படியானால் நான்தான் எங்கேயோ எதையோ தின்கிறேன். தூக்கத்தில் எழுந்து போகிறேனோ? காலையில் கண் விழித்ததும் விரல்களை முகர்ந்து பார்ப்பேன். நகக் கண்ணில் தோல் நார் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். எதுவும் இருக்காது. இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் போல.

என் மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் பையனை வாண்டு என்போம். பள்ளி விட்டதும் நேரே என்னிடம் வருவான். உறை போட்ட தையல் மிஷின் அவனுக்கு லாரி. மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டு, "பாட்டி, எடை போடு! பாட்டி, எடை போடு!" என்று கத்துவான். ஒரு நாள் அவன் தின்ற வாழைப்பழத்தின் தோலை மிஷினுக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் தாத்தா துடைப்பத்தால் அதை வெளியே இழுத்தார்.

"வாண்டு தின்னதுங்க."

"வாண்டு தின்னதா." தோலை நுனியில் பிடித்துத் தூக்கினார். "நல்லா இருக்கு. பச்சப் புள்ளை மேல போடு."

மகளுக்கு உடனே போன் போனது. அவள் வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அம்மா, அப்பா உனக்காகச் செத்துச் செத்துப் பிழைக்கிறாரும்மா. ஏம்மா இப்படிப் பண்ற? புள்ளை கையிலேருந்து புடுங்கித் தின்ற அளவுக்கா?"

"நான் தின்னலடி."

"சரி, தின்னல. கோடு எப்படிம்மா ஏறுது?"

அன்றிலிருந்து வாண்டு வருவது நின்றது. பள்ளி விடும் நேரத்தில் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்கும். நான் ஜன்னல் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு காலையில் என்னால் படுக்கையை விட்டுக் காலை எடுக்க முடியவில்லை. எழுந்திரு என்று நான் சொல்வது கால்களுக்குக் கேட்கவே இல்லை. அவர் முதலில் நடிப்பு என்று நினைத்தார். பிறகு என் கையைத் தூக்கிவிட்டு, அது தொப்பென்று விழுவதைப் பார்த்ததும் என்னை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

ஐஸ் அக்கா ஓடியதை அன்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

தாளில் முதல் புடைப்பைக் காணவே காணோம். ஊசி அகண்டு, கூடாரத்தோடு ஒட்டி, எது எது என்று பிரிக்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தது. நெஞ்சைக் காப்பாற்ற ஒரு மருந்து, பொட்டாசியத்தைத் தற்காலிகமாக ஒதுக்க வேறொரு மருந்து என்று ஏற்றி, அவசரமாக மெஷினில் போட்டார்கள். நடுவில் நான் கொஞ்ச நேரம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். நெஞ்சை அழுத்தி அழுத்தி மீட்டிருக்கிறார்கள் என்று எலும்பு வலித்ததில் நானே புரிந்துகொண்டேன்.

கண் விழித்தபோது அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறி மாட்டியிருந்தன. என் கையைப் பார்த்தபடி பேசினார். குரலில் கோபமே இல்லை.

"உனக்கு வாழப் பிடிக்கலன்னா அதைச் சொல்லிடு. நான் இப்படி விடிய எழுந்து வேகவைக்க வேண்டாம்ல."

"பிடிக்குதுங்க."

"அப்புறம் ஏன்?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன் கேளு. இது என் கையால நடந்த தப்பா இருந்திருந்தா, என் மேடையில ஏறுற அடுத்த லாரிக்கு அடியில போய்ப் படுத்திருப்பேன். நீயே பண்ணிக்கிறதால உசிரோட உக்காந்திருக்கேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

வார்த்தைக்காகச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போனபோது என் பக்கத்து நாற்காலியில் ரேடியோ அம்மா. மெஷினை மாட்டினால் பேச ஆரம்பித்து, கழற்றும்வரை நிறுத்தமாட்டாள் என்பதால் அந்தப் பேர். மெஷின் ஓடும்போது வீட்டுக்காரர்கள் உள்ளே இருக்க அனுமதி இல்லை, இவர் வெளியே பெஞ்சில் இருந்தார்.

"என் மருமக இருக்காளே," என்று தொடங்கினாள் ரேடியோ அம்மா, "அவளுக்குப் படிச்ச திமிரு. உப்பு ஆகாதுன்னு சொன்னதும் எங்கேயோ போய் ஒசத்தி உப்பு வாங்கிட்டு வந்தா. சோடியம் இல்லாத உப்பாம். தின்னா நாக்குல மருந்து மாதிரி கசக்கும். வாய மூடிக்கிட்டுத் தின்னேன். வாய மூடுறதுன்னா எனக்கு எவ்வளவு கஷ்டம், நீயே யோசி."

சிரித்தேன்.

"பெரிய டாக்டர் அதைக் கேட்டுட்டுக் கத்தினாரு பாரு கத்து! சோடியத்த எடுத்துட்டு அந்த இடத்துல என்னத்தப் போட்டிருக்கான்னு நினைக்கிறீங்க, பொட்டாசியம்மா, முழுக்கப் பொட்டாசியம், கிட்னி போனவங்களுக்கு அது விஷம்மான்னாரு. மருமக முகத்தைப் பார்க்கணுமே. அன்னைக்கு நான் தின்ன சாப்பாடு கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்துது."

அதற்குப் பிறகும் அவள் பேசினாள். எனக்குக் காதில் விழவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் திருடி இல்லை. தூக்கத்தில் நடக்கவில்லை. விரலை முகர வேண்டியதில்லை. கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ரத்தம் ஓடுகிற குழாயை மறந்து எழப் பார்த்தேன். மெஷின் கீச்சிட, நர்ஸ் வந்து அமர்த்தினாள்.

சாய்ந்து படுத்த பிறகுதான் குப்பியின் ஞாபகம் வந்தது. அதிலிருந்து சிட்டிகை எடுக்கும் அந்த இரண்டு விரல்கள். 'பாதிதானே, ரெண்டு போடலாம்.' பிறகு, அடியில் போய்ப் படுத்திருப்பேன் என்று அவர் சொன்ன அந்த லாரி.

யாரிடமும் கேட்கவில்லை. ஐஸ் அக்காவிடம் கேட்டால் அவள் நல்ல மனசோடு அதை வெளியே போய் அவரிடமே கேட்பாள். மகளிடம் சொல்லலாம் என்றால் அவள் வாயில் எதுவும் நிற்காது. முதலில் மேடு இறங்கட்டும் என்று முடிவு செய்தேன். வாய்ச்சொல்லை அவர் எடுக்கமாட்டார், தாளை எடுப்பார். இறங்கிய தாளைக் கையில் கொடுத்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.

அடுத்த வீட்டு அம்மா கண் அயர்ந்த நேரத்தில் குப்பியில் இருந்ததைத் தொட்டியில் கொட்டி நீரைத் திறந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சாதாக் கல்லுப்பைப் பொடித்து, அதே அளவுக்குக் குப்பியை நிரப்பினேன். அன்று சாப்பிடும்போது, "எனக்கு உப்பே வேண்டாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாமா? நாக்கு செத்துப் போய்த்தானே நீ பழத்தைத் தேடிப்போற? பேசாமச் சாப்பிடு." இரண்டு சிட்டிகை போட்டார்.

மேடு இறங்கியது. ஒரே முறையில் இல்லை, படிப்படியாக. ஒரு நாள் தாளை நீட்டி ஐஸ் அக்கா, "பாருங்க சார், தோள் திரும்பி வந்திருச்சு. உங்க வீட்டம்மா நல்ல பிள்ளையா இருந்திருக்காங்க," என்றாள். மழுங்கிய உச்சி. நிதானமான ஏற்றம். வலது தோள் பக்கத்தில் மட்டும், இருக்க வேண்டிய மாதிரி, தலைகீழ்.

அவர் தாளைப் பிடித்தபடி நின்றார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "பாத்தியா? நீ திருடாம இருந்தா இறங்குது."

நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அத்தனை மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு. ஓட்டுநர்களை நடித்துக் காட்டுகிற நாட்களின் சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். "அம்மா, எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா!" என்றாள். "வாண்டை அனுப்பாததுதான் மருந்துன்னு அப்பா சொல்றாரு. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்மா. கஷ்டம்தான். ஆனா வேலை செய்யுதுல்ல?"

பூட்டும் வேலை செய்தது, காவலும் வேலை செய்தது, கைப்பையைப் பிடுங்கியதும் வேலை செய்தது. எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு அவர் வந்தபோது, "ஏங்க, அந்த உப்பு..." என்றேன்.

"உப்புக்கு என்ன?" குப்பி அவர் கையில் இருந்தது. விரல்கள் உள்ளே போயிருந்தன.

அந்த விரல்களையே பார்த்தேன். "கொஞ்சம் கம்மியாப் போடுங்க."

"அட, பாதிதானே!" என்று சிரித்தார்.

முழு உப்பு. அதுவும் இரண்டு சிட்டிகை. தாகம் என்றால் என்ன என்று அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னக் குவளை நீர்தான் அனுமதி. குடிக்கிற நீரை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கக்கூட இருக்காது. குளிக்கப் போகும்போது குழாயில் கையைப் பிடித்து உறிஞ்சிவிட்டேன். அன்று ஒரு கை. மறுநாள் இரண்டு. கணுக்கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

டயாலிசிஸுக்கு முன்னால் எங்களை நிறுத்தி எடை பார்ப்பார்கள். தட்டையான இரும்புப் பலகை, சுவரில் மின்னும் எண். நான் ஏறி நின்றேன். அவர் எண்ணைப் பார்த்தார். அதைப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இறங்கி மறுபடி ஏறு."

இறங்கி ஏறினேன். அதே எண்.

"தண்ணி குடிச்சியா?"

இந்த முறை அவர் சந்தேகப்பட்டது உண்மை.

"குடிச்சேங்க. குளிக்கப் போறப்ப. குழாயில."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் தலையில் கையை வைத்தார். பல மாதங்களாக வைக்காத கை.

"இத்தனை வருஷத்துல என் மேடையில ஏறின ஒருத்தனும் ஒத்துக்கிட்டது இல்ல. நீ ஒத்துக்கிட்ட. எனக்கு அது போதும்." குரலைத் தாழ்த்தினார். "பழமும் அப்படித்தானே? இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதை மட்டும் சொல்லிடு."

பலகை மேல் நின்றபடி அவரைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. ருசி இல்லாத காயை எனக்காகத் தின்று தின்று சட்டை தோளில் தொங்கியது.

"ஆமாங்க," என்றேன்.

அவர் நம்பினார்.

சாயங்காலம் இடுக்கியை எடுத்துக்கொண்டு குளியலறைக் குழாயின் திருகைக் கழற்றி, அலமாரிச் சாவியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி குளிக்கும்போது அவரே வந்து திறந்துவிடுவாராம். பிறகு அடுக்களைக்குள் போனார். நெடுநாளைக்குப் பிறகு ஓர் ஓட்டுநரின் குரலை எனக்குக் கேட்கும்படி நடித்தார்: "அண்ணே, லாரிக்குத் தாகம்ண்ணே, அதான் தண்ணி குடிச்சிருச்சு." நான் சிரிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் குப்பியின் மூடியைத் திருகினார்.

குப்பியில் உப்பு அடிக்கு வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்க வைத்திருந்ததும் தீர்ந்துபோயிற்று.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் உள்ளேயிருந்து. "அதே உப்புதான். கவலைப்படாதே."